நோய்க்கிருமி கட்டும் நுண்ணிய பொட்டலம்

நெற்பயிரின் இலை நுனியும் ஓரமும் வைக்கோல் நிறமாகி, அலை போன்ற விளிம்புடன் கீழ்நோக்கிக் காய்ந்து வந்தால், அது பாக்டீரியா இலைக்கருகல் நோயாக இருக்கலாம். இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பச்சைப் பகுதியும் காய்ந்த பகுதியும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, வெட்டுவாய் நனையும்படி கண்ணாடித் தம்ளரிலுள்ள தெளிந்த நீரில் நிறுத்த வேண்டும். சில நிமிடங்களில் பால் போன்ற கலங்கல் இழையாக இறங்கினால் நோய்க்குக் காரணம் பாக்டீரியாவே. அக்கலங்கலில் இருப்பவை எண்ணற்ற பாக்டீரியாக்கள்.

கண்ணுக்குத் தெரிவது இவ்வளவே. பாக்டீரியா செய்யும் வேலையைக் காண வேறு கருவி வேண்டும்.

நுண்பைகள்

இவ்வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு ஆங்காங்கே புடைத்து, சிறு பையாகக் கிள்ளுண்டு வெளியேறுகிறது. இப்பைகளின் அளவு சுமார் 20 முதல் 250 நானோமீட்டர். நூறு நானோமீட்டர் பைகள் 10,000 வரிசையாக நின்றால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். நொதிகள், நச்சுகள், பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று விடும் இரசாயனச் செய்திகள் ஆகியவை இவற்றுள் அடைபட்டுச் செல்கின்றன.

யூரியாவை நீரில் தூவினால் கரைந்து வீணாவதும், மண் உருண்டைக்குள் வைத்துப் புதைத்தால் வேரடியில் நின்று பயன் தருவதும் விவசாயிகள் அறிந்ததே. பாக்டீரியாவின் உபாயமும் அதுபோன்றதே. பைக்குள் இருக்கும் பொருள் நீர்த்துப் போவதில்லை; எளிதில் சிதைவதுமில்லை. முட்டைக்கோஸில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா, நோய் உண்டாக்கும் புரதங்களை இவ்வாறு அனுப்புவது கண்டறியப்பட்டுள்ளது.

கண்டது எப்படி?

சாதாரண நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்தவை தெளிவாகத் தெரியா. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே இப்பைகள் புலப்பட்டன. காலரா பாக்டீரியா இவ்வாறு பைகளை வெளியிடுவதை 1967-இல் கல்கத்தா விஞ்ஞானிகள் சட்டர்ஜியும் தாஸும் படத்துடன் வெளியிட்டனர். இப்போது பாக்டீரியாவை நொடிப்பொழுதில் உறையவைத்து, பல கோணங்களில் சாய்த்துப் படமெடுத்து, முழு உருவத்தையும் கணினியில் அமைத்துக் காண்கின்றனர். 2016-இல் உயர்திறன் ஒளி நுண்ணோக்கி மற்றொரு வழியையும் காட்டியது. சூடோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா உருண்டு வெடிக்க, சிதறிய சவ்வுத் துண்டுகள் சுருண்டு பைகளாயின.

பயிருக்கும் பயன் உண்டு

இப்பைகளே கிருமியைக் காட்டிக் கொடுப்பதும் உண்டு. பயிர் அவற்றை அடையாளம் கண்டு தன் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிக் கொள்கிறது. நன்மை செய்யும் சூடோமோனாஸ் புளுரசன்ஸ் பாக்டீரியாவின் பைகளும் செடிகளில் நோய் எதிர்ப்பை உண்டாக்குவதாக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு 2021-இல் தெரிவித்தது. ஆனால் இந்தப் பாக்டீரியா வயலில் தரும் பயன் முழுவதும் பைகளால் மட்டுமே என்று கொள்வதற்கில்லை. கிருமிகளை ஒடுக்கும் வேறு பொருள்களையும் அது சுரக்கிறது. எனவே 'நுண்பை மருந்து' என்று எவரேனும் விற்க வந்தால், வேளாண்மை அலுவலரைக் கேட்காமல் வாங்கலாகாது.

செய்ய வேண்டியவை

ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யலாம். நடவு செய்த 30-ஆம் நாள் எக்டருக்கு இரண்டரை கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து இடலாம். இதனுடன் இரசாயன மருந்துகளைக் கலக்கக் கூடாது. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளுவதைத் தவிர்க்க வேண்டும். காயத்தின் வழியே கிருமி எளிதில் நுழையும். தழைச்சத்தைப் பிரித்து அளவோடு இட வேண்டும். நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சலாகாது.

பொட்டலத்தைக் காண நுண்ணோக்கி வேண்டும். நோயைக் காலத்தே அறிய, ஒரு தம்ளர் தெளிந்த நீர் போதும்.