நவம்பர் 7-இல் அப்படி என்ன விசேஷம்?

நவம்பர் 7-க்கு உரிமை கொண்டாடப் பல ஊர்க்காரர்கள் உண்டு. 1888-இல் அன்றுதான் திருச்சி திருவானைக்காவலில் சர் சி.வி. ராமன் பிறந்தார். பரமக்குடியில் 1954-இல் கமல்ஹாசன் பிறந்ததும் அதே தேதியில். போலந்தின் வார்சாவில் மேரி கியூரி பிறந்தது 1867 நவம்பர் 7. ரஷ்யப் புரட்சி வெடித்தது 1917 நவம்பர் 7. அந்தப் புரட்சியை லெனினோடு சேர்ந்து நடத்திய டிராட்ஸ்கி பிறந்தது 1879 நவம்பர் 7.

பட்டியல் இதோடு நிற்கவில்லை. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் (1903), பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு (1913), மூளையில் நினைவு எப்படிப் பதிகிறது என்று ஆராய்ந்த எரிக் கேண்டல் (1929) ஆகியோரும் அன்று பிறந்தவர்களே. கியூரி, ராமனோடு சேர்த்தால் ஒரே தேதியில் ஐந்து நோபல் பரிசுக்காரர்கள்! ஜோதிடர் கையில் இந்தப் பட்டியல் கிடைத்தால் அந்த நாளுக்கென்றே ஒரு யோகம் எழுதிவிடுவார். கணக்கு வாத்தியார் கையில் கிடைத்தால் முதலில் வகுத்துப் பார்ப்பார்.

இதுவரை நோபல் பெற்றவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். 365 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு மூவர்கூடத் தேறாது. ஆனால் தற்செயல் ஒருபோதும் சமமாகப் பங்கு வைப்பதில்லை. ஒரு கைப்பிடி கடுகைத் தரையில் இறைத்தால் சில இடத்தில் குவியும், சில இடம் காலியாகக் கிடக்கும், அப்படித்தான் இதுவும். ஆண்டில் நாற்பது ஐம்பது நாட்களிலாவது ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்வது இயல்பு என்கிறது நிகழ்தகவுக் கணக்கு. நவம்பர் 7 அவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

இதே கணக்கை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் போட்டுப் பார்க்கலாம். வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தால், யாராவது இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு? 183 பேர் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் 23 பேர் போதும். இரண்டாவது பிள்ளை முதல் பிள்ளையின் தேதியில் சிக்காமல் இருக்க வாய்ப்பு 364/365. மூன்றாவது பிள்ளை அந்த இருவரின் தேதியிலும் சிக்காமல் இருக்க 363/365. இப்படி 23-ஆவது பிள்ளைவரை பெருக்கிக்கொண்டே போனால், எல்லோருக்கும் வெவ்வேறு தேதியாக அமையும் வாய்ப்பு 49.3 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. மீதி 50.7 சதவீதம் பொருத்தத்தின் பக்கம். நாம் ஆட்களை எண்ணுகிறோம். கணக்கு ஜோடிகளை எண்ணுகிறது. 23 பேருக்குள் 253 ஜோடிகள் இருக்கின்றன. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் வாய்ப்பு 89 சதவீதம்.

எல்லாப் பொருத்தமும் தற்செயல் என்றும் சொல்லிவிட முடியாது. சிலவற்றை மனிதர்களே ஏற்பாடு செய்கிறார்கள். இந்தியாவில் நவம்பர் 7 தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள். ரேடியத்தைக் கண்டறிந்து புற்றுநோய் சிகிச்சைக்கு வழிதிறந்த கியூரியின் பிறந்தநாள் என்பதால்தான் அந்தத் தேதி. 1941 நவம்பர் 7 அன்று, ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கிவிட்ட நிலையிலும் செஞ்சதுக்கத்தில் ராணுவ அணிவகுப்பு நடந்தது. அணிவகுத்த வீரர்கள் அங்கிருந்து நேரே போர்முனைக்குப் போனார்கள். புரட்சியின் ஆண்டுவிழாவை விடக்கூடாது என்பதே ஸ்டாலினின் தீர்மானம். நம் குடியரசு நாளும் அப்படித்தான். அரசியல் சட்டம் 1949 நவம்பர் 26-இலேயே ஏற்கப்பட்டுவிட்டது. 1930 ஜனவரி 26-இல் காங்கிரஸ் கடைப்பிடித்த முழுச் சுதந்திர நாளின் நினைவாக, அது முழுமையாக நடைமுறைக்கு வருவதை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள்.

இந்த இரண்டையும்விட விசித்திரமானது மூன்றாவது வகை. புரட்சி நடந்த அன்று பெட்ரோகிராட் நகரத்துச் சுவர் நாட்காட்டியில் தேதி நவம்பர் 7 அல்ல, அக்டோபர் 25. ‘அக்டோபர் புரட்சி’க்கு நவம்பரில் விழா எடுப்பது அதனால்தான். ரஷ்யா அப்போது ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அது நான்காண்டுக்கு ஒரு லீப் ஆண்டை விடாமல் சேர்ப்பதால் ஆண்டின் சராசரி நீளம் 365.25 நாள். பருவங்கள் திரும்பி வர ஆவதோ 365.2422 நாள். ஆண்டுக்குப் பதினொரு நிமிடம் அதிகமாகி, 128 ஆண்டில் ஒரு நாள் பிசகும். இதைச் சரிசெய்ய 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாளை நீக்கினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. 1700, 1800, 1900 போல 400-ஆல் வகுபடாத நூற்றாண்டுகள் லீப் ஆண்டு ஆகாது என்றும் விதி வைத்தார். ஸ்பெயினின் புனித தெரேசா இறந்தது அந்த மாற்றத்தின் இரவில். அக்டோபர் 4 இரவு இறந்தவரை ‘மறுநாள்’ 15-ஆம் தேதி அடக்கம் செய்தார்கள்.

இப்போது டிராட்ஸ்கிக்கு வருவோம். பழைய நாட்காட்டிப்படி அவர் பிறந்தது 1879 அக்டோபர் 26. அன்றைக்கு இரு நாட்காட்டிகளுக்கும் இடைவெளி 12 நாள். கூட்டினால் நவம்பர் 7. 1900-இல் ரஷ்யா பிப்ரவரி 29-ஐச் சேர்த்தது, புதிய நாட்காட்டிக்கு மாறியிருந்த நாடுகள் சேர்க்கவில்லை. இடைவெளி 13 ஆனது. 1917 அக்டோபர் 25-உடன் 13-ஐக் கூட்டினால் அதுவும் நவம்பர் 7! ரஷ்ய நாட்காட்டியில் அடுத்தடுத்த தேதிகளாக இருந்தவை, புதிய நாட்காட்டியில் ஒரே தேதியாகிவிட்டன. அங்கே பொருத்தத்தை உண்டாக்கியது 1900-இன் பிப்ரவரி 29.

பிரிட்டன் 1752-இலும், ரஷ்யா 1918-இலும், கிரீஸ் 1923-இலும்தான் புதிய கணக்குக்கு மாறின. கலிலியோ இறந்த 1642-இல் நியூட்டன் பிறந்தார் என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்போம். நியூட்டனின் 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய கணக்கு. கலிலியோவின் இத்தாலிக் கணக்கில் அது 1643 ஜனவரி 4. ஆகவே ‘வரலாற்றில் இன்று’ பட்டியலில் பழைய தேதி எதையாவது கண்டால், எந்த நாடு, எந்த ஆண்டு, எந்த நாட்காட்டி என்று பார்த்துவிட்டு அப்புறம் வியப்படையுங்கள்.