உப்புக்காற்றில் ஒரு பாட்டுப்பெட்டி

காரைக்காலின் கடலோர மீனவ ஊர்களில் ஒன்று கருக்களாச்சேரி. சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, தையல் ஊசி என்று இரும்பாக எது இருந்தாலும் உப்புக்காற்று விட்டுவைக்காத கரை. இங்கே ஒரு வீட்டுப் பரணிலிருந்து பழைய கிராமபோன் ஒன்று இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தூசியைத் தட்டிவிட்டு, சாவியைச் சொருகி, நாலு சுற்றுச் சுற்றிப் பார்க்க யாருக்கும் கை துறுதுறுக்கும். அதை மட்டும் உடனே செய்யக் கூடாது.

மின்சாரம் இல்லாத இந்தப் பெட்டியில் விசையெல்லாம் ஓர் எஃகுச் சுருளில்தான் இருக்கிறது. சுமார் ஓர் அங்குல அகலம். விரித்தால் பல அடி நீளம் வரும். அதை ஒரு டப்பாவுக்குள் சுருட்டி அடைத்திருப்பார்கள். சுருள் வழுக்கி விரிவதற்காகத் தடவிய கிராஃபைட் கிரீஸ் அரை நூற்றாண்டில் தார்க்கட்டியாகியிருக்கும். அந்த நிலையில் சாவி கொடுத்தால் உள்ளே ‘தொம் தொம்’ என்று இடிக்கும். துருவேறிய இடத்தில் சுருள் அறுந்தும் போகலாம். டப்பாவைத் திறக்கிற வேலை பழகிய கைக்கே உரியது. அடைபட்ட சுருள் நழுவி வெளியே பாய்ந்தால் விரலைக் கிழித்துவிடும். மெல்ல வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, துருவை நீக்கி, புது கிராஃபைட் கிரீஸ் தடவித் திரும்ப அடைக்க வேண்டும். இதைச் செய்தாலே பாதிப் பெட்டிகள் உயிர் பெற்றுவிடும்.

பரணில் கிடைப்பது பெரும்பாலும் எச்.எம்.வி. 102 போன்ற கைப்பெட்டியாகத்தான் இருக்கும். சினிமாவில் காட்டுகிற பெரிய பித்தளைப் புனல் அதில் கிடையாது என்று ஏமாற வேண்டாம். புனல் பெட்டிக்குள்ளேயே மடங்கி ஒளிந்திருக்கிறது. சந்தையில் பளபளவென்று புனலோடு விற்கிறவற்றில்தான் சூது அதிகம். உடைந்த கைப்பெட்டிகளின் மோட்டாரைக் கழற்றி, புது மரப்பெட்டியில் பொருத்தி, எச்.எம்.வி.யின் நாய்ப்படத் தகடு அடித்து, ‘தாத்தா காலத்துப் பொருள்’ என்று தலையில் கட்டுவது வட இந்தியாவில் நெடுநாளாக நடக்கிற வியாபாரம். வரவேற்பறை அலங்காரத்துக்கு அது போதும். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சாயம் போன அசல் கைப்பெட்டியே மேல்.

புனலின் வேலையைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதியில் நாகஸ்வரமே போதும். சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். குழலும் அணசும் சேர்ந்தபின் அதே நாதம் திருநள்ளாற்றின் நாலு வீதிக்கும் கேட்கும். கிராமபோனில் ஊசி இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் இடமும் வலமுமாக அசைகிறது. அந்த அசைவு சவுண்ட் பாக்ஸில் உள்ள மெல்லிய சவ்வை அதிர வைக்கிறது. சிறு சவ்வின் அதிர்வை வெளியே உள்ள பெருங்காற்றில் படிப்படியாகச் சேர்த்துவிடுவது புனல். பழைய பெட்டிகளில் சவ்வு அபிரகத் தகடு. பிறகு அலுமினியம் வந்தது. அலுமினியத்தை உப்பு அரித்துப் பொடித்துளை போடும், அபிரகத்தை ஒன்றும் செய்யாது. கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது. சவ்வைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்கள் எப்படியும் கல்லாகியிருக்கும். அவற்றை மாற்றாவிட்டால் எந்தப் பாகவதரும் தொண்டை கட்டியவராகத்தான் பாடுவார்.

என்னைக் கேட்டால், மராமத்தின் உயிர்நாடி வேகம். சுருள் விரிய விரிய அதன் விசை குறையும். தட்டு மட்டும் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். இதற்காகவே மூன்று சிறு எடைகள் தாங்கிய ஒரு சுழலி உண்டு. வேகம் கூடினால் எடைகள் வெளியே விரிந்து, ஒரு வட்டத் தகட்டைத் தோல் பட்டையின் மேல் உரச வைக்கும், அதுதான் பிரேக். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது கணக்கு. 73.6 சுற்றாக இறங்கினால் சுருதி சரியாக அரைக்கட்டை இறங்கிவிடும். காரைக்காலுக்குப் பக்கத்துத் திருமருகலில் 1898-இல் பிறந்தவர் நாகஸ்வர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. மணிக்கணக்கில் தோடி வாசித்த அவரைப் பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சத்தில் அடைத்தது இந்தத் தட்டு. அந்த மூன்று நிமிடத்திலும் சுருதி தப்பினால் மிச்சம் என்ன இருக்கிறது? 77 கோடுகள் அச்சிட்ட வட்டத்தைத் தட்டின் மேல் வைத்து, பழைய சோக் பூட்டிய டியூப்லைட்டின் கீழே சுழல விடுங்கள். நம் மின்சாரத்தில் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை சிமிட்டும். கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தெரிந்தால் வேகம் சரி.

இனி தட்டுகள். அவை பிளாஸ்டிக் அல்ல. ஜார்க்கண்ட் காடுகளின் அரக்குப் பூச்சி தரும் அவலரக்கோடு கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தியவை. தச்சர்கள் பாலிஷுக்காக அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே ஸ்பிரிட், சானிடைசர் எதையும் தட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பாட்டே கரைந்துவிடும். காகித லேபிள் நனையாமல், மிதமான சோப்புத் தண்ணீரில் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே மென்மையாகத் தேய்த்து, நிழலில் உலர்த்தினால் பூஞ்சை போய்விடும். வெயில் ஆகாது, தட்டு வளைந்துவிடும்.

காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பழைய வீடுகளில் சேவல் முத்திரையிட்ட பதே தட்டு தட்டுப்பட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். பதேயின் ஆரம்பகாலத் தட்டுகளில் ஒலி மேலும் கீழுமாகப் பதிந்திருக்கும். அவற்றுக்கு உருண்டை முனை நீலக்கல் ஊசி வேண்டும். எஃகு ஊசியை வைத்தால் சீவித் தள்ளிவிடும். மற்றபடி கைக்கு வருவது எச்.எம்.வி.யாகவோ, ஏ.வி. மெய்யப்ப செட்டியார் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930களில் விற்ற ஓடியனாகவோ இருக்கலாம். பத்து வயது எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல் 1926-இல் தட்டேறியது. நாகூர் ஹனிபாவின் குரல் 1950களில். உலகம் எல்.பி.க்கு மாறிய பிறகும் நாம் விடவில்லை. பீட்டில்ஸ் பாட்டைக்கூட 78 தட்டில் அச்சிட்டு விற்ற நாடு இது.

எஃகு ஊசிக்கு ஆயுள் ஒரே ஒரு பக்கம். தட்டில் உள்ள கல்பொடி முதல் சில சுற்றுகளிலேயே ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்கு ஏற்ற வடிவம் கொடுத்துவிடும். பாட்டு முடியும்போது ஓரம் கூர்மையாகியிருக்கும். சிக்கனம் பார்த்து அதையே மறுபடி வைப்பவர்கள் தட்டை அறுக்கிறார்கள். ஊசிமேல் அழுந்தும் எடையும் 100 கிராமுக்கு மேல். அதனால் அரிய தட்டு கிடைத்தால் கிராமபோனில் ஓட்டாதீர்கள். 78 தட்டுக்கென்று செய்த அகல முனை ஊசியை மின்சார டர்ன்டேபிளில் பொருத்தி, ஒரு முறை ஓட்டி, கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சாவி கொடுத்துக் கேட்கும் சுகத்துக்கு, நாலு பிரதி கிடைக்கிற சினிமாப் பாட்டுத் தட்டுகள் இருக்கவே இருக்கின்றன.