பழைய கணனியைத் திருத்துவதா, மாற்றுவதா?

வீட்டில் ஒரு பொருள் பழுதடைந்தால் அதைத் திருத்துவதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்வி பெரும்பாலும் பெண்களாகிய எமது தலையில்தான் விழுகின்றது. தையல் இயந்திரம் என்றால் எமக்கு ஓரளவு விளங்கும். கணனி என்றவுடன் கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கின்றோம். அது அவசியமில்லை என்பதற்காகவே இதை எழுதுகின்றேன்.

நான் பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கின்றேன். எங்கள் கணனி 2013 ஆம் ஆண்டு வாங்கியது. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துப் படம் பார்ப்போம். 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சின் இ-தக்சலாவ பாடங்களை எங்கள் லயத்துப் பிள்ளைகளும் அதில்தான் பார்த்தார்கள். பின்னர் அது இயங்கத் தொடங்கவே பத்து நிமிடமானது. படமும் இடையிடையே நின்றது. கடையொன்றில் கேட்டபோது, “இது பழசு, வீசிவிட்டுப் புதுசு எடுங்கள்” என்றார்கள்.

வீசுவதற்கு மனம் வரவில்லை. 1983 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் எனது பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. ஏ-9 வீதி திறந்திருந்த 2003 இல் அவருடைய மகளுக்குக் கிளிநொச்சியில் திருமணம் நடந்தது. அதன் வீடியோ இறுவட்டு ஒன்றை எங்களுக்கும் அனுப்பினார்கள். 2009 இல் அக்கா அத்தானை இழந்தார். அல்பங்களும் இடம்பெயர்வில் போய்விட்டன. அத்தானின் முகம் மிஞ்சியிருப்பது எங்கள் கணனியில் பதிந்து வைத்த அந்த வீடியோவில் மட்டும்தான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது பிரதி எடுப்பது. கணனியை எப்போதும் வாங்கலாம், அதற்குள் இருப்பதை வாங்க முடியாது. நாங்கள் இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒன்று எங்களிடம், மற்றது கிளிநொச்சியில் அக்காவிடம். ஒரே வீட்டில் இரண்டையும் வைத்தால் மண்சரிவோ தீயோ இரண்டையும் கொண்டுபோய்விடும். கணனிக்குள் ‘டிக் டிக்’ என்று புதிய சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, எது பழுது என்று பார்க்க வேண்டும். கணனி படித்த என் மகள் பெட்டியைத் திறந்து காட்டினாள். பழைய வன்தட்டு சுழன்று வேலை செய்வது, நாளடைவில் தேயும். அதற்குப் பதிலாகச் சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். பழைய கணனியின் வேகத்தை அதிகம் கூட்டுவது பெரும்பாலும் இதுதான். நினைவகம் 2 ஜீ.பி. மட்டும் இருந்தால் அதையும் கூட்டலாம். ஒவ்வொரு முறையும் திகதி மாறிப் போனால், வட்டமான சிறு பற்றரியை மாற்றினாலே போதும். ஆனால் தாய்ப்பலகையில் உள்ள சிறு உருளைகள் வீங்கியிருந்தால் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

திருத்தினாலும் சில விடயங்கள் மாறாது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய கணனிகளை ஏற்பதில்லை. படம் பார்ப்பதற்கு இது பெரிய தடையல்ல. ஆனால் அப்படியான கணனியில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. லினக்ஸ் மின்ட் என்பதை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். 4கே போன்ற மிகத் தெளிவான புதிய படங்கள் மட்டும் பழைய கணனியில் திக்கித் திக்கித்தான் ஓடும். அவைதான் வேண்டுமென்றால் தொலைக்காட்சியில் செருகும் சிறு அன்ட்ரொய்ட் பெட்டி மலிவான வழி.

மின்சாரத்தையும் கணக்கிடுங்கள். 80 வொற் எடுக்கும் கணனி தினம் 3 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 7.2 அலகு. 10 வொற் எடுக்கும் சிறு பெட்டிக்கு 0.9 அலகு போதும்.

நாங்கள் திருத்துவதென்றே தீர்மானித்தோம். 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு புதிய கணனி எமக்கு எட்டாத விலை. எங்களுக்கென்று ஒரு வரம்பும் வைத்துக்கொண்டோம். செலவு புதியதன் விலையில் மூன்றிலொரு பங்கைத் தாண்டினால் திருத்துவதில்லை. எஸ்.எஸ்.டி.யும் நினைவகமும் அந்த வரம்புக்குள் அடங்கின. அவற்றை மற்றொரு கணனியிலும் பெரும்பாலும் பாவிக்கலாமா என்று கேட்டோம். எஸ்.எஸ்.டி.யைப் பாவிக்கலாம், நினைவகம் பொருந்தாது என்றாள் மகள். அதனால் நினைவகத்தைப் பாவித்த பொருளாகக் குறைந்த விலைக்கு வாங்கினோம்.

சகோதரிகளே, கடைக்குப் போகும்போது மூன்றைக் கேளுங்கள்: எந்தப் பாகம் பழுது? அதற்கு மட்டும் எவ்வளவு? எத்தனை மாத உத்தரவாதம்? பற்றுச்சீட்டை வாங்குங்கள். கழற்றிய பழைய வன்தட்டையும் மறக்காமல் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். கணனியை விற்றாலும் அதை எடுத்துவிட்டே விற்க வேண்டும். அழித்த படங்களைக்கூட அதிலிருந்து மீண்டும் எடுக்க முடியும். எமது பிள்ளைகளின் படங்களும் எமது குடும்பத்தின் துயரமும் முன்பின் தெரியாதவர் கையில் போய்ச் சேரக் கூடாது.