செம்மறை மேய்ந்தால் காடு அழியுமா?

ஈரோடு மாவட்டம் அந்தியூரைத் தாண்டி, கர்நாடக எல்லையை நோக்கி ஏறும் சாலையில் இருக்கிறது பர்கூர் மலை. தாமரைக்கரை, தட்டகரை, ஊசிமலை, தேவர்மலை என்று காட்டுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் ஊர்கள். கன்னடம் பேசும் லிங்காயத்துகளும் சோளகர்களும் தலைமுறைகளாக வாழும் பகுதி. இங்கே உருவான மாட்டினத்துக்குப் பர்கூர் மாடு என்று பெயர். செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள் இறைந்திருப்பதால் ஊர்க்காரர்களுக்கு அது செம்மறை. 1909இல் கன் என்ற ஆங்கிலேய அதிகாரி தென்னிந்திய மாடுகளைப் பற்றி எழுதிய நூலிலேயே இந்த இனம் இடம்பெற்றுவிட்டது. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 1953இல் வெளியிட்ட இந்திய, பாகிஸ்தான் மாடுகள் பற்றிய நூலும், ஓட்டத்திலும் தாக்குப்பிடிக்கும் திறனிலும் இதற்கு ஈடில்லை என்ற பொருளில் பாராட்டுகிறது. இவ்வளவு பேர் பெற்ற மாட்டுக்கு இன்று மேய இடம் இருக்குமா என்பதே கேள்வியாகிவிட்டது. மாட்டைக் காட்டிலிருந்து வெளியேற்றினால் காடு பிழைக்கும் என்ற கணக்கு எளிமையாகத் தெரிகிறது. பர்கூரின் வரலாறு அந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

இந்த மாடு வீட்டுத் தொழுவத்தில் வளர்ந்ததல்ல. காட்டுக்குள் முள்ளும் மூங்கிலும் கொண்டு வளைத்த அடைப்புக்குப் பட்டி என்று பெயர். பகலில் மந்தை காட்டில் மேயும். இரவில் பட்டிக்குள் அடையும். மேய்ப்பவர் பக்கத்திலேயே தங்குவார். நாளுக்கு ஓரிரு லிட்டரைத் தாண்டினாலே நல்ல கறவை என்னும் அளவுக்குத்தான் பால் கிடைக்கும், அதிலும் கன்றுக்குப் போக மிச்சம். வருமானம் வேறு இரண்டு வழிகளில் வந்தது. காளைக்கன்றுகள் உழவுக்கும் வண்டிக்கும் விலைபோயின. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் மாட்டுச்சந்தைக்கு இவை இறங்கிவரும். பட்டியில் குவியும் சாணம் கீழ்நாட்டு மஞ்சள் வயல்களுக்கு எருவாகப் போனது. மலைச்சரிவில் ஏறி இறங்கி, கிடைத்த புல்லைத் தின்று, புலி வாடை அடித்தால் கூட்டமாகத் திரும்பி நிற்கும் குணம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வந்தது. கிட்டே போனால் மிரண்டு முட்ட வரும் அந்த முரட்டுத்தனமும் அப்படி வந்ததே. இனம் என்று நாம் சொல்வதில் பாதி மாட்டின் உடம்பு என்றால், மறுபாதி இந்தப் பட்டி வாழ்க்கை.

அரசுக்கு இது தெரியாமல் நடந்ததுமல்ல. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் கீழ் காடுகள் காப்புக்காடுகள் ஆனபோது மேய்ச்சல் ஒழிந்துவிடவில்லை. அனுமதிச் சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டது. எத்தனை மாடு, எந்தக் காடு என்று எழுதி, பணம் வாங்கி, வனத்துறையே மேய விட்டது. பிறகு அந்த வாசல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்பட்டது. டிராக்டர் வந்ததும் காளைக்குத் தேவை குறைந்தது. கலப்பினப் பசு வந்ததும் ஒரு லிட்டர் கறக்கும் மாட்டை யாரும் சீந்தவில்லை. வீரப்பனைத் தேடிய ஆண்டுகளில் காட்டுக்குள் இரவு தங்குகிறவர் எல்லோருமே சந்தேகத்துக்கு ஆளானார்கள். இந்த நிலையில், 2022 மார்ச்சில், மேகமலைப் பக்க மேய்ச்சல் தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. அதே மாதத்தில் அந்த உத்தரவைத் திருத்தி, தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் தடை என்று வரையறுத்தது. பர்கூர்க்காரர்கள் மூச்சுவிட்டு முடிப்பதற்குள், 2024 ஜனவரியில் அவர்களுடைய காடுகளைச் சேர்த்துச் சுமார் 80,000 ஹெக்டேரில் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

தடையை ஆதரிப்பவர்கள் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. மாடு தின்னும் புல் மானுக்கும் காட்டெருமைக்கும் போகவேண்டியது என்கிறார்கள், உண்மைதான். நோய் பற்றிய அச்சம் அதைவிட வலுவானது. 1968இல் வெக்கை நோய் பரவி முதுமலை, பந்திப்பூர் காடுகளில் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அது மாடுகளைத் தாக்கும் நோய். ஆனால் அந்த நோய் இன்று உலகத்திலேயே இல்லை. 2011இல் அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஒழித்தது தடுப்பூசி. கோமாரிக்கும் அதே வழிதான் உண்டு: பட்டி தேடிப் போய் ஊசி போடும் கால்நடை மருத்துவர். மந்தையைத் துரத்தினால், காட்டோரத்தில் கணக்கில் வராமல், ஊசி போடாமல் திரியும் மாடுகள்தான் மிஞ்சும். காட்டுக்கு அது கூடுதல் ஆபத்து.

மேய்ச்சலை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயம் ஒரு பாடம். 1982இல் அங்கே எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்களும் போயின. பின்பு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய நீண்ட ஆய்வு, மேய்ச்சல் நின்றதால் நீர்ப்பரப்பில் புல் மண்டிப் பறவைகளுக்கு இடைஞ்சல் ஆனதைக் கண்டது. பர்கூர் வறண்ட மலைக்காடு, பரத்பூர் சதுப்பு நிலம்; ஒன்றின் முடிவை மற்றதன் மேல் அப்படியே ஒட்ட முடியாது. மாடு தொடாத உண்ணிச்செடி காட்டை மூடுவதற்கு மேய்ச்சல் மருந்தென்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அளந்து பார்க்காமல் மேய்ச்சலை நிறுத்துவது காட்டுக்கு எப்போதும் நல்லது என்று நம்புவதற்குப் பரத்பூருக்குப் பிறகு யாருக்கும் நியாயமில்லை.

சென்னையின் தென்புறத்தில் இருப்பவர்களுக்கு இது எங்கோ ஒரு மலையின் கதையாகத் தோன்றலாம். ஆனால் தாம்பரத்தைச் சுற்றிய செங்கல்பட்டு ஊர்களிலும் வருவாய்க் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று தனி நிலம் உண்டு. ஏரிக்கரையும் குன்றின் அடிவாரமும் மேய்ச்சலுக்கு இருந்தன. அவற்றில் பல இன்று வீட்டுமனைகளும் அலுவலகங்களும். மாடு மட்டும் போய்விடவில்லை; முடிச்சூரிலும் வேளச்சேரி சாலையிலும் குப்பைத்தொட்டியோரம் நின்று பாலித்தீன் பையை மெல்லுகிறது. மாநகராட்சி அதைப் பிடித்து அடைத்து, உரிமையாளருக்கு அபராதம் போடுகிறது. மேயும் நிலம் போனது எப்படி என்ற கேள்வி அந்த ரசீதில் இருக்காது.

அப்படியானால் பர்கூர் இனத்தைப் பண்ணையில் வைத்துக் காப்பாற்றலாமே என்பார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பர்கூர் மாட்டுக்கென ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. சென்னைக்குத் தெற்கே காட்டாங்கொளத்தூர் வட்டாரத்திலுள்ள காட்டுப்பாக்கம் நிலையமும் அதே பல்கலைக்கழகத்துடையது. அந்த வேலை தேவை. விந்தும் வம்சாவளிப் பதிவும் நாளைக்கு உதவும். ஆனால் தீவனத் தொட்டியில் தின்று வளரும் மாட்டிடம் சரிவில் ஏறும் காலும் புலி வாடை அறியும் மூக்கும் எத்தனை தலைமுறை நிற்கும்?

தடைக்கும் திறந்த காட்டுக்கும் நடுவே ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே ஏற்கிறது; எண்ணிக்கை, பருவம், தடுப்பூசி எல்லாவற்றையும் கிராமசபையும் வனத்துறையும் உட்கார்ந்து பேசி வகுக்க இடமுண்டு. சிக்கல் வேறு இடத்தில். சோளகர்கள் பழங்குடியினர், லிங்காயத்துகள் அல்லர். பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முந்தைய மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். காட்டுக்குள் பட்டி போட்டவர்களிடம் பட்டா ஏது? ஆனால் அதே சட்டத்தின் விதிகள் கெசட்டியர், கணக்கெடுப்பு, துறை ஆவணங்களையும் சான்றாக ஏற்கச் சொல்கின்றன. மேய்ச்சல் சீட்டுக்கு வனத்துறை வாங்கிய கட்டணத்தின் பதிவேடுகளும், பர்கூர் மாட்டைப் பதிவு செய்த 1909ஆம் ஆண்டு நூலும் அரசு அலமாரியில் தேடவேண்டியவை. மனு கொடுப்பவர்களை அவற்றைத் தேடச் சொல்வதற்கு முன், அரசே எடுத்துக் கிராமசபை முன் வைப்பதில் என்ன தடை?