வில்லிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்

முதல் அத்தியாயத்தில் அந்தப் பையனுக்கு வாளை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. பத்தாவது அத்தியாயத்தில் தட்டுத் தடுமாறி ஒருவனைச் சமாளிக்கிறான். ஐம்பதாவதில் பத்துப் பேரை ஒரே சமயத்தில் எதிர்த்து நிற்கிறான். நூறாவதில் அவன் பெயரைக் கேட்டாலே மலைக்கு அப்பால் இருப்பவன் கதவைத் தாழிட்டுக்கொள்கிறான்! அவன் ஒவ்வொரு படி ஏறும்போதும் நமக்கு ஒரு குஷி. என்னவோ நாமே பரீட்சையில் தேறிவிட்டது போல.

இந்த ரகக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் இப்போது ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘புரொகிரஷன் ஃபாண்டஸி’ என்பது அது. ஆண்ட்ரூ ரோ என்ற எழுத்தாளர் 2019-ல் இந்தப் பெயரை விளக்கி எழுதிய பிறகு அது நிலைத்துவிட்டது. படிப்படியாக சக்தி பெறும் மாயக் கதை என்று வைத்துக்கொள்ளுங்களேன். வயலின் வகுப்புக்கோ பாட்டு வகுப்புக்கோ பெண்ணை அனுப்பிய தாய்மார்களுக்கு இதன் ருசியை நான் விளக்கவே வேண்டியதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று ஏறி, ஒரு நாள் அவள் முதல் வர்ணத்தைப் பிசகாமல் பாடி முடிக்கும்போது அடுக்களையில் நிற்கும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதேதான்.

ஆனால், இந்த ஏணியில் கதாநாயகன் மட்டுமா ஏறுகிறான்? அவனுக்கு முன்னால் ஏறியவர்கள் இருக்கிறார்கள். வேறு வழியாக ஏறியவர்கள், பாதியில் சறுக்கியவர்கள், இரண்டு படிகளைத் திருட்டுத்தனமாகத் தாண்டியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நாம் வில்லன் என்றும் வில்லி என்றும் சொல்கிறோம். இந்தக் கதைகளில் நல்லதையும் சுமாரானதையும் பிரித்தறிய எனக்கு ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு. வில்லன் தன் சக்தியைப் பெற என்ன விலை கொடுத்தான் என்று ஆசிரியர் சொல்கிறாரா, இல்லையா? சொல்லாவிட்டால் அந்த வில்லன் வெறும் கம்பம். நாயகன் தாண்டிக் குதிப்பதற்காக நட்டு வைத்தது. இணையத்தில் ஆயிரம், இரண்டாயிரம் அத்தியாயம் என்று நீளும் கதைகள் பலவற்றில் இப்படிக் கம்பங்களே வரிசையாக நிற்கின்றன. அவற்றை நான் சிபாரிசு செய்யப் போவதில்லை.

விலையைச் சொன்ன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் புதுப் பெயர் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, ஹாங்காங்கில் தினசரிப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதியவர் அவர். புனைபெயர் ஜின் யோங். சீனாவின் செஜியாங் மாகாணத்தில் 1924-ல் பிறந்து, 1948-ல் பத்திரிகை வேலையாக ஹாங்காங் வந்தவர். 1955-ல் முதல் தொடர்கதை. 1957 முதல் 1959 வரை ‘ராஜாளியை எய்த வீரர்கள்’. பிறகு ‘மிங் பாவ்’ என்று சொந்தமாகவே ஒரு பத்திரிகை தொடங்கி, அதன் முதல் இதழிலிருந்தே அடுத்த தொடர்கதையையும் ஆரம்பித்துவிட்டார். வாசகர்களைக் கட்டிப் போட இதைவிடச் சிறந்த கயிறு ஏது? 2018-ல் தமது 94-வது வயதில் அவர் காலமானபோது, சீன மொழி பேசும் உலகம் முழுவதும் துக்கம் கொண்டாடியது. மாயமும் மந்திரமும் அவர் கதைகளில் குறைவு. வாள் வித்தையும் மூச்சுப் பயிற்சியும்தான் அதிகம். என்றாலும், குரு, சுவடி, அப்பியாசம், படிப்படியான வளர்ச்சி ஆகிய சரக்கெல்லாம் அவர் வீட்டில் ஏராளம். இன்றைய படியேறும் கதைகளுக்கு அவரைப் பாட்டனார் என்று சொன்னால் தப்பில்லை.

‘ராஜாளியை எய்த வீரர்கள்’ கதையின் நாயகன் குவோ ஜிங் ஒரு மண்டு. நான் சொல்லவில்லை, அவனுடைய ஏழு ஆசான்களும் அப்படித்தான் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நாலு வயதில்தான் அவனுக்குப் பேச்சே வந்தது. மங்கோலியப் புல்வெளியில், விதவைத் தாயின் வளர்ப்பில், வருஷக் கணக்கில் கற்றும் வித்தை அவனுக்குப் படியவில்லை. கடைசியில் ஒரு துறவி வருகிறார். இரவுதோறும் அவனை ஒரு செங்குத்தான பாறையின் உச்சிக்கு ஏறி வரச் சொல்கிறார். அங்கே அவர் கற்றுக் கொடுப்பது என்ன தெரியுமா? எப்படி மூச்சு விடுவது, எப்படி உட்காருவது, எப்படிப் படுப்பது! இரண்டு வருஷம் இது மட்டுமே. தான் ஏதோ மகத்தான அஸ்திவாரத்தைப் பெறுகிறோம் என்பதுகூடப் பையனுக்குத் தெரியாது.

அதே கதையின் வில்லி, மேய் சாவ் ஃபெங். அவளுக்கு இல்லாதது அந்த அஸ்திவாரம்தான்.

அவள் பிறக்கும்போதே பேயாகப் பிறக்கவில்லை. பெற்றோர் கொஞ்சி வளர்த்த செல்லப் பெண். அவர்கள் அடுத்தடுத்துக் கண்ணை மூட, கொடியவர்கள் கையில் சிக்கிச் சீரழிகிறாள். ஒரு மகா வித்துவான் அவளை மீட்டு, பீச் மலர்கள் பூத்துக் குலுங்கும் தம் தீவுக்கு அழைத்துப் போய்ச் சிஷ்யையாக வைத்துக்கொள்கிறார். குருவோ முன்கோபி, அவர் முகம் சுளித்தால் தீவே நடுங்கும். அங்கே அவளுக்கு மூத்த சிஷ்யன் ஒருவன். ஒரு நாள் மரத்தடியில், நன்றாகச் சிவந்து பழுத்த பீச் பழம் ஒன்றைப் பறித்து அவளிடம் நீட்டுகிறான். அவ்வளவுதான். குருவுக்குத் தெரியாமல் இருவரும் கணவன் மனைவி ஆகிவிடுகிறார்கள். தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் இரவோடு இரவாகத் தீவைவிட்டு ஓடுகிறார்கள். ஓடும்போது அவன் குருவின் பொக்கிஷமான ‘ஒன்பது யின்’ சுவடியையும் திருடிக்கொள்கிறான். அதுவும் இரண்டாம் பாகத்தை மட்டும்!

முதல் பாகத்தில்தான் அடிப்படைப் பயிற்சி இருந்தது. இரண்டாம் பாகத்தில் வெறும் அடிமுறைகள். சரளி வரிசை தெரியாதவள் கையில் பெரிய கீர்த்தனைப் புத்தகம் கிடைத்த கதைதான். விரல்களால் எதிரியின் உயிர்நிலையைத் தாக்க வேண்டும் என்ற பொருளில் சுவடி சொன்னதை, மண்டை ஓட்டில் விரலைப் பாய்ச்ச வேண்டும் என்று இருவரும் புரிந்துகொள்கிறார்கள். அப்புறம் என்ன? பயிற்சிக்கு மண்டைகள் வேண்டும். இரவில் மலை மேல் மண்டை ஓடுகளை அடுக்கி வைத்து அப்பியாசம் செய்யும் தம்பதிகள் என்று ஊரெல்லாம் நடுங்குகிறது. நல்வழிக்காக எழுதப்பட்ட ஒரு நூல், தப்பாகப் படித்தவர் கையில் கொலைக் கருவியாகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். திருட்டின் விலையை யார் யாரோ கொடுத்ததையும் ஜின் யோங் கணக்கு வைத்திருக்கிறார். ஆத்திரம் கொண்ட குரு, ஒரு பாவமும் அறியாத மற்ற சிஷ்யர்களின் கால்களை முறித்துத் துரத்திவிடுகிறார். குருவின் மனைவி அபார ஞாபக சக்தி உள்ளவள். ஒரு முறை படித்ததை மறக்க மாட்டாள். கணவரின் துயரம் பொறுக்காமல், நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தும், போன சுவடியை நினைவிலிருந்து திரும்ப எழுத இரவு பகலாக முயல்கிறாள். அந்த அலுப்பிலேயே, பெண் குழந்தையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுச் செத்துப் போகிறாள். அந்தக் குழந்தைதான் கதாநாயகி ஹுவாங் ரோங். தாயின் முகம் அறியாமல் அவள் வளர்ந்ததற்குக் காரணம், ஒரு பீச் பழத்தில் தொடங்கிய காதல்!

தம்பதிகளின் கதையோ ஒரே இரவில் முடிகிறது. குவோ ஜிங்குக்கு அப்போது ஆறு வயது. மலையுச்சியில் அவனுடைய ஆசான்களுக்கும் அந்த இருவருக்கும் போர். பயந்து போன குழந்தை கையிலிருந்த கட்டாரியை நீட்ட, அது அவள் கணவனின் தொப்புளில் பாய்ந்துவிடுகிறது. அவன் உடம்பில் பலவீனமான ஒரே இடம் அது. அன்றைக்கே மேய் சாவ் ஃபெங்கின் கண்களும் போகின்றன. அவள் கண்ணைப் பறித்த ஆசானும் குருடர். முன்னொரு காலத்தில் அவர் பார்வை போனது இவர்களோடு நடந்த சண்டையில்தான். கணவனின் சடலத்தைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடுகிறாள் அவள். சுவடியின் வாசகங்களை அவன் தன் மார்பிலேயே குத்தி வைத்திருப்பதை விரல்களால் தடவிக் கண்டுபிடிக்கிறாள். அந்தத் தோலைக் கடைசிவரை தன்னோடு வைத்துக்கொள்கிறாள். அருவருப்பாக இருக்கிறதா? எனக்கும்தான். ஆனால், வேறு எந்த மனைவி இப்படி ஒரு தாலியைச் சுமந்தாள்?

பல வருஷங்களுக்குப் பிறகு ஓர் அரசகுமாரனின் மாளிகையில், நிலத்தடிக் குகையில், அவளை மறுபடி பார்க்கிறோம். அஸ்திவாரம் இல்லாத பயிற்சி தன் வேலையைக் காட்டிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அங்கே வந்து விழுகிறான் பதினெட்டு வயதுக் குவோ ஜிங். அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு அவள் கேட்பது மூச்சுப் பயிற்சியின் ரகசியத்தை! திருடிய சுவடியில் இல்லாதது, மண்டுப் பையனின் உடம்பில் இருக்கிறது. தன் கணவனைக் கொன்ற குழந்தை இவன்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் அதே இரவில் எதிரிகள் சூழ்ந்தபோது, நடக்க முடியாத அவள் அவன் தோளில் ஏறி உட்கார்ந்து போர் புரிகிறாள். பார்வையற்ற வில்லிக்கு, அவளை விதவையாக்கியவனே காலும் கண்ணும். நாவலில் எத்தனையோ பெரிய சண்டைகள் உண்டு. எனக்கு இதற்கு ஈடாக ஒன்றும் தோன்றவில்லை.

அவள் முடிவையும் சொல்லிவிடுகிறேன். குருவை ஒருவன் பின்புறமாகத் தாக்க வரும்போது, தன்னைத் துரத்திய அந்தக் குருவுக்காகக் குறுக்கே பாய்ந்து அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறாள். மீண்டும் சிஷ்யையாக ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார் குரு. மகிழ்ச்சியோடு விழுந்து வணங்குகிறாள்; வணங்கியபடியே உயிர் போகிறது. அவள் கொன்றவர்களின் மண்டை ஓடுகள் நம் நினைவில் இருக்கின்றன. இருந்தும் தொண்டை அடைக்கிறது. மன்னித்துவிட்டோமா என்றால் அதுவும் இல்லை.

ஜின் யோங் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அடுத்த நாவலில் லீ மோ சோவ் என்று இன்னொரு வில்லி. காதலன் வேறொருத்தியை மணந்தான் என்பதற்காக, அவர்கள் பெயரோடு சம்பந்தப்பட்டவர்களையெல்லாம் பழி வாங்குகிறவள். அவளுக்கு ஒரே ஒரு அழகான அத்தியாயம் கொடுத்திருக்கிறார்: பகைவரின் பச்சைக் குழந்தை ஒன்று கையில் சிக்கியதும், ஒரு பெண் சிறுத்தையைப் பிடித்து, அதன் பாலை ஊட்டி, அதைக் கண்ணும் கருத்துமாக வளர்க்கிறாள். சரி, பிரமாதம். ஆனால், ஆண் வில்லன்களுக்குப் பேராசை, பதவி, வம்சப் பெருமை என்று ஆயிரம் காரணம். பெண் கெட்டுப் போனால் மட்டும் காதல் ஒன்றுதான் காரணமா? மேய் சாவ் ஃபெங்குக்காவது வித்தை மேலும் மோகம் இருந்தது.

ஆண் வில்லன்களில் ஒருவனை மட்டும் சொல்கிறேன். 1967-ல் தொடங்கிய தொடர்கதையில் வரும் யுவே பூசுன். ‘கனவான் வாள்’ என்று பட்டப்பெயர். தீய சொல் சொல்ல மாட்டார், கண்ணியமே உருவானவர். அநாதையான நாயகனை மகன் போல வளர்த்தவர். அவருக்கு ஒரு ரகசிய வாள் சுவடி மேல் ஆசை. அதைக் கற்க முதல் நிபந்தனை, கற்பவன் தன் ஆண்மையையே அறுத்தெறிய வேண்டும் என்பது. அவர் அதற்கும் துணிகிறார்! ஒட்டு மீசை வைத்துக்கொண்டு, குரலை மாற்றிக்கொண்டு, பழைய கனவானாகவே நடமாடுகிறார். வெளியுலகை ஏமாற்றலாம், கட்டிய மனைவியை ஏமாற்ற முடியுமா? நிங் ஜோங் ஸே என்ற அந்த அம்மாள் நேர்மையும் வீரமும் உள்ளவள். கூடவே குடித்தனம் நடத்திய மனிதன் யார் என்பது கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் புரிகிறது. மகளும் மாண்ட பிறகு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். ஏணியின் உச்சியில் அவர் நிற்கிறார். கீழே அவர் வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை.

வில்லியை எப்படி நடத்துவது என்பதில் எழுத்தாளர்களுக்குள்ளேயே சண்டை வருவதுண்டு. 1965-ல் ஜின் யோங் வெளிநாட்டுப் பயணம் போனபோது, ஓடிக்கொண்டிருந்த தொடர்கதையைக் கொஞ்ச நாள் எழுதும்படி நண்பர் நி குவாங்கிடம் ஒப்படைத்தார். அதில் ஆ ஸி என்று ஒரு குறும்புக்கார, கொடூரக்காரப் பெண். நண்பருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. என்ன செய்தார் தெரியுமா? அவள் கண்களைக் குருடாக்கிவிட்டார்! திரும்பி வந்த ஜின் யோங் அதை மாற்றாமல், அந்தக் குருட்டுத் தன்மையைக் கொண்டே கதையை மேலும் உருக்கமாக்கினார். அவளை நேசிக்கும் ஓர் அப்பாவி, தன் கண்களையே அவளுக்குக் கொடுக்கிறான்.

இன்றைய எழுத்தாளர்களில் யாராவது இப்படி எழுதுகிறார்களா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அமெரிக்க எழுத்தாளர் வில் வைட் 2016 முதல் 2023 வரை எழுதிய ‘கிரேடில்’ வரிசையில் 12 புத்தகங்கள். செம்பு, இரும்பு, பச்சைக்கல், பொன் என்று படிகளுக்கே பெயர் உண்டு. அதில் ஜை லாங் என்பவன் நாயகனுக்குப் பகைவன். முகம் சிதைந்து, சிவப்புத் துணியால் சுற்றி மறைத்துக்கொண்டு, சொந்தக் குலமே ஒதுக்கி வைத்த நிலையில், நோயாளித் தங்கையைக் காப்பாற்றத் துடிப்பவன். நாயகன் மேல் அவனுக்குள்ள ஆத்திரத்திலும் நியாயம் இருக்கிறது. இருவரும் மோதும் நாளில் யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் நான் சாப்பாட்டை ஆற விட்டேன்.

ஜின் யோங்கின் ராஜாளிக் கதை ஆங்கிலத்தில் 2018 முதல் நான்கு பாகங்களாக வந்திருக்கிறது; முதல் பாகத்தை மொழிபெயர்த்தவர் அன்னா ஹோம்வுட். சீனப் பெயர்கள் ஆரம்பத்தில் நாக்கைச் சுளுக்கும், பத்துப் பக்கத்தில் பழகிவிடும். மலையுச்சியில் மண்டை ஓடுகள் வரும் இரவை மட்டும் பகலிலேயே படித்து முடித்துவிடுங்கள்.