அக்காவின் கதை ஒன்று, தங்கையின் கதைகள் ஏழு

உடன்பிறந்தோரிடையே அன்றாடம் நிகழும் பூசலையும், அப்பூசலுக்கு அடியில் அறுபடாமல் ஓடும் பாசத்தையும் சிறுவர் நாவலின் நடுப்பொருளாக ஆக்கியவர்களுள் அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி கிளியரிக்கு (1916–2021) தனியிடம் உண்டு. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில், கிளிக்கிடாட் தெருவில் வசிக்கும் குவிம்பி குடும்பத்தின் மகள்களான பீசஸ், ரமோனா ஆகிய இருவரையும் வைத்து 1955 முதல் 1999 வரை அவர் எழுதிய எட்டு நாவல்களில் மந்திரமோ புதையலோ கொடிய சிற்றன்னையோ இல்லை. வேலை பறிபோகும் தந்தை, வேலைக்குப் போய்த் திரும்பும் தாய், வீட்டில் நிலவும் பணமுடை, ஒருத்தியை ஒருத்தி பொறுக்க முடியாத அக்கா தங்கை என, எந்தத் தெருவிலும் காணக்கூடிய வாழ்க்கையே அவற்றில் உள்ளது. அத்தகைய வாழ்க்கையை மட்டும் கொண்டு குழந்தைகளைக் கடைசிப் பக்கம்வரை படிக்கவைக்க முடியும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

உடன்பிறந்தோரைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதிய அவர், பெற்றோருக்கு ஒரே மகளாக வளர்ந்தவர். யாம்ஹில் என்னும் சிற்றூரில் அவர் குடும்பத்துக்குப் பண்ணை இருந்தது. நூலகம் இல்லாத அவ்வூரில், மாநில நூலகத்திலிருந்து புத்தகங்களை வரவழைத்து, வங்கிக்கு மேலிருந்த அறையொன்றில் சிறு நூலகத்தை நடத்தியவர் அவருடைய தாய். பெவர்லிக்கு ஆறு வயதானபோது குடும்பம் போர்ட்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே முதல் வகுப்பில் அவர் நன்றாகப் படிக்க இயலாத குழந்தைகளின் குழுவில் அமர்த்தப்பட்டார். புத்தகத்தின் மீது ஏற்பட்ட வெறுப்பு மூன்றாம் வகுப்பில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, லூசி ஃபிட்ச் பெர்கின்ஸ் எழுதிய டச்சு இரட்டையரின் கதையைத் தற்செயலாக எடுத்துப் படித்தபோதுதான் நீங்கியது. அவரைப் படிப்பின் பக்கம் திருப்பிய அந்தப் புத்தகமும் உடன்பிறந்த இருவரின் கதையே என்பது கருதத்தக்கது.

பின்னர் நூலகவியல் பயின்று, 1939இல் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் சிறுவர் நூலகராகப் பணியில் சேர்ந்த அவரிடம், பள்ளிச் சிறுவர் சிலர், தங்களைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிய புத்தகங்கள் எங்கே என்று கேட்டனர். அக்கேள்விக்குத் தக்க விடை அவர் காத்த அலமாரிகளில் இல்லை. சாதாரணத் தெருப் பையன் ஒருவனையும் அவன் நாயையும் பற்றிய 'ஹென்றி ஹக்கின்ஸ்' என்னும் அவருடைய முதல் நூல் 1950இல் வெளிவந்ததற்கு அந்தக் குறையே காரணமாயிற்று. அதை எழுதிக்கொண்டிருந்தபோது, தம் கதையில் வரும் பிள்ளைகள் அனைவரும் உடன்பிறப்பு இல்லாதவர்களாகவே தோன்றுவதைக் கவனித்த அவர், ஹென்றியின் தோழி பீசஸுக்கு ஒரு தங்கையைச் சேர்த்தார். அண்டை வீட்டிலிருந்து யாரோ உரக்கக் கூப்பிட்ட பெயர் காதில் விழவே, அதையே அத்தங்கைக்கும் சூட்டினார். இவ்வாறு இடைவெளி நிரப்ப வந்த ரமோனாவே பிற்காலத்தில் அவருடைய படைப்புகளில் மிகப் புகழ்பெற்ற பாத்திரமானாள்.

1955இல் வெளியான 'பீசஸும் ரமோனாவும்' ஒன்பது வயது அக்காவின் நோக்குநிலையிலிருந்து, அதாவது அவள் காண்பதையும் உணர்வதையும் மட்டுமே வாசகர் அறியும் வகையில், சொல்லப்பட்டுள்ளது. நான்கு வயதுத் தங்கை நூலகப் புத்தகத்தின் பக்கமெல்லாம் கிறுக்கிவைக்கிறாள். முதற்கடியே மிகவும் சுவையானது என்னும் கொள்கையால் ஒரு பெட்டி ஆப்பிள்களில் ஒவ்வொன்றையும் ஒருமுறை கடித்துவிட்டுப் போடுகிறாள். அக்காவின் பத்தாம் பிறந்தநாளன்று இருமுறை கேக்கைக் கெடுக்கிறாள். அன்றிரவு உணவு மேசையில், தங்கையைச் சில வேளைகளில் தனக்குப் பிடிக்கவே இல்லை என்று பீசஸ் ஒருவாறு சொல்லிவிடுகிறாள். பெரும்பாலான சிறுவர் நூல்களில் இந்த இடத்தில் அறிவுரையொன்று வரும், அல்லது தங்கைக்கு ஆபத்து நேர்ந்து அக்காவின் மனம் மாறும். கிளியரி இரண்டையும் தவிர்த்தார். எப்போதும் அவளைப் பிடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுமில்லை என்று தாய் சொல்கிறாள். தாயும் அவள் தங்கை பீட்ரிஸும் தம் சிறுவயதில் போட்ட சண்டைகளை நினைவுகூர்ந்து சிரிக்கிறார்கள். தங்கையை வெறுக்கும் தீய பெண்ணோ தான் என்று உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்த பீசஸ் அக்கணமே விடுபடுகிறாள். சிறுவர் இலக்கியத்தில் உடன்பிறப்புப் பாசம் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதைவிட நேர்மையான பகுதியைக் காண்பது அரிது. ஏனெனில், வெறுப்பும் அன்பும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதைப் பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும்படி அது சொல்கிறது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1968இல் வந்த 'தொல்லைக்காரி ரமோனா' என்னும் நூலில் கதை தங்கையின் பக்கம் திரும்பியது; அதன்பின் வந்த நூல்களும் அப்பக்கமே நின்றன. கிண்டர்கார்டன், அதாவது முதல் வகுப்புக்கு முந்தைய மழலையர் வகுப்பு, அவளுக்குத் தொடங்குகிறது. பிறர் கண்ணுக்குத் தொல்லையாகப் படுவதெல்லாம் ரமோனாவின் உள்ளத்தில் நியாயமான செயலாகவே இருக்கிறது. சூசன் என்னும் சிறுமியின் சுருள்முடியை இழுத்துவிட்டால் அது துள்ளித் திரும்பும் அழகைக் காணும் ஆவலை அடக்க முடியாமல் இழுத்து, அதனால் வீட்டுக்கு அனுப்பப்படும் அவள், ஆசிரியைக்குத் தன்னைப் பிடிக்காமற்போயிற்று என்றே முடிவு செய்து பள்ளிக்குப் போக மறுக்கிறாள். முதல் நூலில் அக்காவோடு சேர்ந்து எரிச்சலுற்ற வாசகர், அதே பெண்ணுக்காக இங்கே கலங்க நேர்கிறது. ஒரு வீட்டில் இரு குழந்தைகளின் நியாயங்களும் உண்மையானவையே என்பதை விளக்கவுரை ஏதுமின்றி, நோக்குநிலையை மாற்றியதன் மூலமாகவே கிளியரி உணர்த்திவிட்டார்.

தொடரின் மிகச் சிறந்த நூல் 1977இல் வந்த 'ரமோனாவும் அவள் தந்தையும்' எனலாம். தந்தை வேலையை இழக்கிறார். தாய் முழுநேர வேலைக்குப் போகிறாள். வீட்டில் கவலையும் சிடுசிடுப்பும் குடியேறுகின்றன. தொலைக்காட்சி விளம்பரத்தில் நடித்து லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று இரண்டாம் வகுப்புச் சிறுமி திட்டமிடுவதும், தந்தையின் புகைப்பழக்கத்தை ஒழிக்க இரு சகோதரிகளும் கூட்டுச் சேர்வதும், அச்சத்தில் பிறந்த அன்பின் வெளிப்பாடுகளே. 1930களின் பெருமந்தக் காலத்தில், அதாவது அமெரிக்காவில் கோடிக்கணக்கானோரை வேலையற்றவராக்கிய பொருளாதார வீழ்ச்சியின்போது, கிளியரியின் தந்தையும் வேலை இழந்தார். அந்நாள்களைத் தன்வரலாற்று நூலிலும் பதிவு செய்துள்ள அவர், பணம் இல்லாத வீட்டில் குழந்தை எதைக் கேட்கிறது, எதைக் கேட்காததுபோல் இருந்துவிடுகிறது என்பதை நன்கறிந்தே இந்நாவலை எழுதியிருக்கிறார்.

இந்த நூலும் 1981இல் வந்த 'ரமோனா குவிம்பி, வயது 8' என்பதும், அமெரிக்க நூலகச் சங்கம் சிறுவர் நூல்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் நியூபெரி பரிசின் சிறப்புத் தகுதியைப் பெற்றன. நியூபெரி பதக்கம் 1984இல் அவருக்குக் கிடைத்தது வேறொரு நூலுக்காக: பெற்றோர் பிரிந்த சிறுவன் ஓர் எழுத்தாளருக்கு எழுதும் கடிதங்களாக அமைந்த 'அன்புள்ள மிஸ்டர் ஹென்ஷா'.

நாற்பத்து நான்கு ஆண்டுகளில் எழுதப்பட்ட தொடரில் ரமோனாவின் வயது நான்கிலிருந்து பத்துக்கே வளர்கிறது. 1984இல் வந்த 'என்றென்றும் ரமோனா'வில், பெற்றோர் இல்லாத பிற்பகலில் வீட்டுப் பூனை இறந்துகிடப்பதைக் காணும் அக்காவும் தங்கையும், அதுவரை இருந்த பிணக்கை விட்டுத் தாமே அதைப் புதைக்கிறார்கள். அந்நூலின் முடிவில் அவர்களுடைய தங்கை ராபர்ட்டா பிறக்கிறாள். கடைக்குட்டியாக இருந்தவள் அக்காவாகிறாள். போர்ட்லாந்தின் கிரான்ட் பூங்காவில் 1995இல் திறக்கப்பட்ட சிலைகளில் ரமோனாவும் ஹென்றியும் அவன் நாயும் இருக்கிறார்கள், பீசஸ் இல்லை. தொடரைத் தொடங்கிவைத்தவள் அவள் என்பதால் இது வருந்தத்தக்க விடுபடல். தம் பிள்ளைகளுக்கு இத்தொடரை அறிமுகம் செய்ய விரும்பும் பெற்றோர், தங்கையின் ஏழு நூல்களுக்கு முன்னால் அக்காவின் ஒரே நூலைக் கொடுப்பது நல்லது. வீட்டில் இரு குழந்தைகள் இருந்தால், மூத்த பிள்ளைக்கு அதை முதலில் கொடுக்க வேண்டும்.