ரேஷன் அரிசியில் மிதக்கும் மணிகள்: சத்தா, ஆபத்தா?

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் மேலே மிதக்கின்றன. மற்ற அரிசியைவிட அவற்றின் நிறம் சற்று மாறுபட்டிருக்கிறது. ஊறியபின் நசுக்கினால் மாவாகிவிடுகின்றன. 'பிளாஸ்டிக் அரிசி' என்று பயந்து அவற்றைப் பொறுக்கி எறியும் வீடுகள் டெல்டாவில் உண்டு. வயல் நிறைய நெல் விளைவிக்கிறவர்களுக்கே தட்டில் இருக்கும் அரிசிமீது சந்தேகம் வந்துவிட்டது. இத்தனைக்கும் ஒரு வரி விளக்கம் கடைவாசலில் எழுதிப் போட்டிருந்தால் பாதி பயம் போயிருக்கும்.

அது பிளாஸ்டிக் அல்ல. குருணையை மாவாக அரைத்து, அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகிய மூன்றையும் கலந்து, சேவை பிழிவதுபோல இயந்திரத்தில் சூடாகப் பிழிந்து, அரிசி வடிவில் வெட்டி உலர்த்துகிறார்கள். இந்த மணி ஒரு கிலோவை 100 கிலோ சாதாரண அரிசியில் ஆலையிலேயே கலந்துவிடுகிறார்கள். அதுதான் செறிவூட்டப்பட்ட அரிசி. மாவில் செய்ததால் சில மணிகள் மிதக்கும். சந்தேகம் இருப்பவர்கள் ஒரு மணியில் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்க்கலாம். கருநீலமாக மாறினால் அது மாவுப்பொருள். பிளாஸ்டிக்குக்கு அந்த நிறம் வராது.

தமிழ்நாட்டில் முதலில் சோதனை முறையில் இதைக் கொடுத்தது திருச்சி மாவட்டத்தில். 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் நாடு முழுவதற்கும் அறிவித்தார். சத்துணவு, அங்கன்வாடி, பிறகு ரேஷன் கடை என்று படிப்படியாக வந்தது. 2028 டிசம்பர் வரை தொடர 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

அளவு எவ்வளவு?

பாதுகாப்பு என்பது எப்போதும் அளவைப் பொறுத்தது. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி கலந்த அரிசி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து இருக்க வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ என்றால் ஆளுக்கு 5 கிலோ. கணக்குப் போட்டால் நாளொன்றுக்குச் சுமார் 5 முதல் 7 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்குத் தினமும் தேவை 29 மில்லிகிராம். பெரியவர்களுக்குத் தாண்டக்கூடாத எல்லை 45. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஒரு மாத்திரையிலேயே 60 மில்லிகிராம் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் அரிசியில் வருவது கொஞ்சம்தான். அதிலும் உடம்பு இழுத்துக்கொள்வது ஒரு சிறு பங்கு. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இந்த அளவால் கெடுதல் வர வாய்ப்பில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 100 கிலோவுக்கான சத்து முழுவதும் அந்த ஒரு கிலோ மணியில்தான் அடங்கியிருக்கிறது. அந்த மணிகளை மட்டும் தனியாகப் பொறுக்கிச் சேர்த்தால், வெறும் 10 கிராமிலேயே 28 முதல் 42 மில்லிகிராம் இரும்பு வந்துவிடும். "சத்து மணிதானே" என்று சேர்த்து வைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவது, பொறுக்கி எறிவதைவிடத் தவறான காரியம். ஆலையில் கலவை சீராக இருக்கிறதா என்பதை அதிகாரிகள் அடிக்கடி பார்க்க வேண்டியதும் இதனால்தான். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு மூட்டைக்கு மூட்டை மாறக் கூடாது.

யாருக்கு ஆகாது?

தாலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறார்கள். ஏற்றும் ரத்தத்தோடு இரும்பும் உள்ளே போகிறது. மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. அது இதயத்திலும் ஈரலிலும் படிந்து பழுதாக்கும். அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களிலும் ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு இதே கவலை உண்டு. இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டதே 1952-ல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

அதனால் 2018-ம் ஆண்டு விதியில், தாலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும், அரிவாள் செல் நோயாளிகள் தவிர்க்க வேண்டும் என்று பையில் அச்சிடச் சொன்னார்கள். ரேஷன் கடையில் சாக்கிலிருந்து அள்ளிப் போடும் அரிசிக்கு அந்த எழுத்தால் என்ன பயன்? சென்னை உயர் நீதிமன்றம் வரை பொதுநல வழக்கு போனது இதற்காகத்தான். ஆய்வுக் குழு ஒன்று எச்சரிக்கை தேவையில்லை என்று சொன்னதன்பேரில், 2024-ல் அந்த வாசகத்தையே எடுத்துவிட்டார்கள். அரிசியில் வரும் இரும்பு, ஏற்றும் ரத்தத்தில் வருவதை நோக்க மிகக் குறைவு என்பது அரசுத் தரப்பு நியாயம். அது சரியாகவே இருக்கட்டும். நோயாளிக்குத் தெரியாமல் அவர் தட்டில் ஒன்றைச் சேர்ப்பது வேறு விஷயம். வீட்டில் இந்த நோய் உள்ளவர்கள் இருந்தால், ரேஷன் அரிசி சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்வதே சரி. சொந்த நெல்லை ஊர் மில்லில் அரைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அதில் எதுவும் கலப்பதில்லை.

பலன் இருக்கிறதா?

தேவை இருப்பதை மறுக்க முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆனால் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2019 மதிப்பீடு, அரிசியில் இரும்பு சேர்ப்பதால் ரத்தசோகை குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றது. இரும்புக் குறைபாடு கொஞ்சம் குறையலாம் என்றும் சொன்னது. ரத்தசோகைக்கு அரிசி மட்டும் காரணமில்லை அல்லவா? வெறுங்காலோடு சேற்றில் நிற்கும் பெண்களுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தைக் குடிக்கிறது. மாதவிடாயில் அதிகம் போகிறவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. இவற்றை எந்த மணியும் சரிசெய்யாது.

இந்த மணி விவசாயியை வேறு விதத்திலும் தொட்டது. 2025 குறுவையில் கொள்முதல் நிலையங்களில் நெல் தேங்கி, மழையில் நனைந்து முளைத்தபோது, செறிவூட்டிய மணிகளைக் கலக்க மத்திய அனுமதி தாமதமானதும் ஒரு காரணம் என்றது மாநில அரசு. எதிர்க்கட்சி அதை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்றாலும் நனைந்தது விவசாயி மூட்டை.

சத்து சேர்ப்பது டெல்டாவுக்குப் புதிதும் அல்ல. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் வைட்டமின் பி1 உள்ளே இறங்கி அரிசியில் தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. சென்னை மாகாணத்தின் வடக்கே, இன்றைய ஆந்திரக் கடற்கரையில், தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களைப் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகள் தப்பின. குன்னூர் ஆய்வகத்தில் மெக்கரிசனும் அவருக்குப்பின் எய்க்ராய்டும் இதை ஆராய்ந்தார்கள். பிற்பாடு திருவாரூர் நவீன அரிசி ஆலையில், மழையில் நனைந்த குறுவை நெல்லைக் காப்பாற்றவென்று தொடங்கிய ஆராய்ச்சிதான் தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் இன்று உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. நனைந்த நெல் பிரச்சனை மட்டும் அன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இனி அடுக்களை விஷயம். ரேஷன் அரிசியை ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை களைந்தால் போதும். மிதக்கும் மணிகளைக் கொட்டிவிட வேண்டாம். ஃபோலிக் அமிலமும் பி12-ம் தண்ணீரில் கரைபவை. நிறையத் தண்ணீர் வைத்து வடித்தால் அவற்றில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். அந்தக் கஞ்சி கழுநீர்த் தொட்டிக்குப் போகிற வீடுகளில் சத்து மாட்டுக்குத்தான்! உப்புப் போட்டுக் குடிக்கலாம், ரசத்தில் சேர்க்கலாம், அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்கியும் எடுக்கலாம். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இன்னும் நல்லது.

ஒன்று கூடுதல் எச்சரிக்கை. அரிசியைப் பார்த்துப் பயப்படும் வீட்டிலேயே இரும்பு மாத்திரை அட்டை டிவி மேல் கிடக்கிறது. மிட்டாய் என்று நினைத்து ஒரு குழந்தை பத்து மாத்திரை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.